தகுதியுள்ள புகைப்பாளர்

புகைபிடிக்கிறவருக்கு ஒரு நோய் வந்தால் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவார், மூன்று நான்கு நோய்கள் சேர்ந்து வந்தால் சாப்பிட மாட்டார் என்று ஏதோ ஒரு கணக்கெடுப்பில் தெரியவந்தது. உடனே பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு குழு போட்டார்கள். குழு ஒன்றரை வருஷம் கூடிக் கூடிப் பேசி, மூன்றாவது மாடியில் ஒரு பிரிவைத் திறந்தது. பெயர், புகைப்போர் பலநோய் மருந்துப் பயன்பாட்டுச் சீரமைப்புப் பிரிவு. பெயர்ப்பலகை நீளமாகிப் போனதால் கதவைத் தாண்டிப் பக்கத்துக் கழிப்பறை வரைக்கும் போயிருந்தது. ‘பிரிவு’ என்ற சொல் கழிப்பறை வாசலுக்கு நேர்மேலே இருந்தது. புதிதாக வருகிறவர்கள் முதலில் அங்கேதான் போய் நின்றார்கள்.

மூச்சு வாங்குகிறவர்களுக்கான இடத்தை ஏன் மூன்றாவது மாடியில் வைத்தார்கள் என்று கேட்பது விஷயம் தெரியாதவர்களின் கேள்வி. நோயாளி படியேறி வர எடுக்கும் நேரத்தை வைத்தே நுரையீரலின் நிலையைக் கணித்துவிடலாம், ஒரு சோதனைச் செலவு மிச்சம் என்று குழு தன் அறிக்கையில் எழுதியிருந்தது. லிஃப்ட் இல்லாமல் இல்லை. அது கோப்புகளுக்கும் அதிகாரிகளுக்கும் ஓடிக்கொண்டிருந்தது.

பிரிவில் நூறு பேருக்குத்தான் இடம். வெல்டருக்குத் தொண்ணூற்றேழாம் எண் கிடைத்தது. அதற்கு முன் அந்த எண் ஒரு லாரி டிரைவருடையது. அவர் போய்ச் சேர்ந்ததால் காலியானது.

வெல்டருக்கு வயது ஐம்பத்தொன்பது. ஜன்னல் கம்பி, கேட், மாடிப்படிக் கைப்பிடி என்று ஊரில் பாதி வீட்டுக்குப் பற்றவைத்துக் கொடுத்தவர். பதினைந்து வயதில் சிகரெட்டைத் தொட்டார். பட்டறையில் அவருக்குத் தீப்பெட்டியே தேவைப்படாது. அப்போதுதான் வெட்டிய கம்பியின் சிவந்த முனையில் சிகரெட்டை வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் பற்றிக்கொள்ளும். அப்படி நாற்பத்துநான்கு வருஷம் இழுத்ததில் நுரையீரல் கெட்டது. பிறகு இதயம். இவற்றுக்குத் துணையாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் தாமாகவே வந்து சேர்ந்தன.

பிரிவில் எல்லோருக்கும் ஒரே மருந்துதான். ஆளுக்கு ஆள் பார்த்து எழுதினால் தவறு நேரும் என்பதால், தினம் பதினொரு மாத்திரை, மூச்சு முட்டினால் உறிஞ்ச ஒரு பம்ப் என்று ஒரு மாதத்துக்கானதை மஞ்சள் பையில் கட்டி வைத்திருந்தார்கள். சர்க்கரை இல்லாதவருக்கும் சர்க்கரை மாத்திரை உண்டு. அதை என்ன செய்வது என்று ஒருவர் கேட்டதற்கு, “வரும்போது உதவும்” என்றார் பிரிவின் ஒருங்கிணைப்பாளர்.

வெல்டருக்கு அந்தப் பையில் எல்லாமே பொருந்தியது. அவர் மனைவி, பட்டறையில் திருகாணியும் நட்டும் போட்டு வைக்கிற அறை அறையான டப்பா ஒன்றைக் கழுவிக் காயவைத்து, அதில் காலை, மதியம், ராத்திரி என்று மாத்திரைகளைப் பிரித்துப் போட்டுக் கொடுப்பாள். அவள் ஒரு சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவள். தினமும் இருநூறு சட்டைக் காலர்களை மடித்த கை. ஒரு மாத்திரை இடம் மாறாது.

மாதத்தின் முதல் தேதி எண்ணும் நாள். நோயாளிகள் போன மாதத்துக் காலி அட்டைகளைக் கொண்டுவந்து கொட்ட வேண்டும். நர்ஸ் எண்ணுவாள். முப்பத்துமூன்று அட்டை இருந்தால் நூற்றுக்கு நூறு. மாத்திரை எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. அட்டை காலியாக இருந்தால் போதும். அதனால் எண்ணும் நாளன்று ஆஸ்பத்திரி வாசலில் இருந்த குப்பைத்தொட்டிதான் அந்த வட்டாரத்திலேயே அதிக மருந்து சாப்பிட்டது. எண்ணி முடித்ததும் ஒரு குழாயை நீட்டுவார்கள். அதில் ஊதினால் மூச்சில் எவ்வளவு புகை இருக்கிறது என்று மெஷின் ஒரு எண் காட்டும். பத்துக்கு மேல் வந்தால் புகைப்பாளர். மஞ்சள் பை கிடைக்கும்.

அதெல்லாம் ஆறு மாதம் நல்லபடியாகத்தான் போனது. ஏழாவது மாதம் வெல்டர் ஒரு தவறு செய்தார். சிகரெட்டை விட்டுவிட்டார்.

காரணம் அந்தப் பிரிவேதான். எண்ணும் நாளில் ஆலோசகர் ஒருவர் வந்து, கறுத்துப்போன நுரையீரல் படத்தைத் திரையில் காட்டி இருபது நிமிஷம் பேசுவார். எல்லோரும் தூங்குவார்கள். ஆலோசகரும் அதை எதிர்பார்த்து மெதுவான குரலில்தான் பேசுவார். வெல்டருக்கு அன்றைக்கென்று தூக்கம் வரவில்லை. முழுதும் கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து பாதி பாக்கெட்டைக் குழாயடியில் நனைத்துத் தூரப் போட்டார். எரிந்து விழுந்தார், சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார். பத்தாம் நாள் உட்கார்ந்து அழுதார். மனைவி முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் எங்கே மறுபடி பிடித்துவிடுவாரோ என்ற பயம் அவளுக்கு.

முப்பத்தோராம் நாள் எண்ணும் நாளாக வந்தது. வெல்டர் சவரம் செய்துகொண்டு, பரிசு வாங்கப் போகிற மாதிரி கிளம்பினார். இரண்டாவது மாடியில் ஒரே ஒரு தடவைதான் உட்கார்ந்தார்.

குழாயில் ஊதினார். மெஷின் இரண்டு என்றது.

“மெஷின்ல ஏதோ கோளாறு. இன்னொரு தடவை ஊதுங்க ஐயா” என்றாள் நர்ஸ்.

மறுபடியும் இரண்டு. நர்ஸ் தானே ஊதிப் பார்த்தாள், ஒன்று. சந்தேகம் தீராமல் ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டாள். அவர் பெரிய மனது பண்ணி வந்து, கோட்டுப் பையிலிருந்து கையை எடுக்காமலே ஊதினார். பதினேழு.

“மெஷின் நல்லாத்தான் இருக்கு சார்” என்றாள் நர்ஸ்.

ஒருங்கிணைப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு வெல்டரைப் பார்த்தார். “விட்டுட்டீங்களா?”

“ஆமா சார். முப்பத்தோரு நாள் ஆச்சு.”

“யாரைக் கேட்டு விட்டீங்க?”

வெல்டர் சுவரில் ‘இன்றே விடுங்கள்’ என்று ஒட்டியிருந்த படத்தைக் காட்டினார்.

“அது பொதுமக்களுக்கு. நீங்க எங்க நோயாளி. இது புகைப்போர் பிரிவு. பத்துக்குக் கீழ போனா நீங்க புகைப்பாளர் இல்லை. புகைப்பாளர் இல்லாதவங்களுக்கு நான் எப்படிப் பை கொடுக்கிறது? நாளைக்கே ஆடிட்ல கேட்பாங்க.”

“அப்போ என் மருந்து?”

“முன்னாள் புகைப்பாளர் பிரிவுன்னு கீழ ஒண்ணு இருக்கு. அங்க போங்க.”

முன்னாள் புகைப்பாளர் பிரிவில் ஊழியர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெல்டர் உள்ளே நுழைந்ததும் இருவரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார், இன்னொருவர் தண்ணீர் கொண்டுவந்தார். பிரிவு தொடங்கி ஆறு வருஷத்தில் வந்த முதல் ஆள் இவர்தான். பதிவேட்டைத் திறந்தபோது பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

“விட்டு எவ்வளவு நாளாச்சு ஐயா?”

“முப்பத்தோரு நாள்.”

இருவர் முகமும் வாடிவிட்டது. “ஒரு வருஷம் ஆகணும்யா. அதுக்கு முன்னாடி எடுத்தா, திரும்பப் பிடிச்சிட்டீங்கன்னா எங்க சாதனை கெட்டுப்போயிடும்.”

“ஒரு வருஷம் வரைக்கும் எனக்கு யாரு மருந்து கொடுப்பா?”

“அது இடைக்காலம்” என்றார் தண்ணீர் கொண்டுவந்தவர், மிகுந்த அனுதாபத்துடன். “இடைக்காலத்துக்குன்னு தனியா ஒரு பிரிவு வேணும்னு எழுதிப் போட்டிருக்கோம். வந்துடும். நீங்க அடுத்த வருஷம் கண்டிப்பா வரணும். உங்களுக்காகக் காத்திருப்போம்.”

சும்மா சொல்லவில்லை, அவர்கள் உண்மையிலேயே காத்திருப்பார்கள்.

வெல்டர் பொது மருந்துக் கவுண்ட்டருக்குப் போனார். அங்கே கம்ப்யூட்டரில் அவர் எண்ணைத் தட்டினால் ‘மூன்றாம் மாடி’ என்று வந்தது. மூன்றாம் மாடியிலிருந்து விடுவிப்புச் சீட்டு கொண்டுவரச் சொன்னார்கள். திரும்பவும் ஏறினார். விடுவிப்புச் சீட்டில் காரணம் போட மூன்று கட்டங்கள்தான் இருந்தன: இறப்பு, ஊர் மாற்றம், பிற. ‘பிற’வுக்கு இயக்குநரின் கையெழுத்து வேண்டும். இயக்குநர் வெளியூரில் இருந்தார். பிரிவின் வெற்றியைப் பற்றி ஒரு மாநாட்டில் கட்டுரை படிக்கப் போயிருந்தார்.

டப்பாவில் மாத்திரைகள் குறைந்துகொண்டே வந்தன. மனைவி முதலில் மதிய அறையைக் காலியாக விட்டாள். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று ஆக்கினாள். பம்பை மட்டும் நிறுத்த முடியாது. மருந்துக்கடையில் அதன் விலையைக் கேட்டுவிட்டு வந்து, அவரிடம் அதைச் சொல்லவில்லை. வெல்டர் பட்டறைக்குப் போவதை நிறுத்தினார். குனிந்து செருப்பு மாட்டினால் மூச்சு போய்விட்டுத் திரும்பிவர நேரமானது.

ஒரு மாலை அவள் வேலை முடிந்து வந்தபோது, வெல்டர் கட்டிலில் உட்கார்ந்து, ஒற்றைச் சிகரெட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பற்றவைக்கவில்லை.

“எண்ணுற நாளைக்கு மட்டும் ஒண்ணு பிடிச்சிட்டுப் போறேன்” என்றார். “பை வாங்கிட்டு மறுபடி விட்டுடறேன்.”

அவள் சத்தம் போடவில்லை. அதை அவர் விரலிலிருந்து உருவி எடுத்தாள். “அதுக்கப்புறம் உங்களால விட முடியாது. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தொடாதீங்க.”

“மூச்சு முட்டுதுடி.”

“எனக்குத் தெரியாதா? ஆண்டு விழாவுக்கு அந்த இயக்குநர் வர்றாராம். நேர்லயே கேட்டுடலாம் வாங்க.”

ஆண்டு விழா ஆஸ்பத்திரிக் கூட்ட அறையில் நடந்தது. முதல் இரண்டு வரிசை அதிகாரிகளுக்கு. கடைசியில் நோயாளிகள். இயக்குநர் நல்ல பேச்சாளர். ஒலிபெருக்கி இல்லாவிட்டாலும் கேட்கிற குரல்.

“ஆறு வருஷத்துக்கு முன்னாடி நூறு பேரோட ஆரம்பிச்சோம். இன்னைக்கும் நூறு பேர்! ஒருத்தர்கூட நம்மள விட்டுப் போகலை. சிலர் இறந்திருக்காங்க, அது இயற்கை. ஆனா விட்டுப் போகலை!” கைதட்டல். “காலி அட்டை நூற்றுக்கு நூறு. குழாய்ச் சோதனை நூற்றுக்கு நூறு. அதாவது நம்ம பிரிவுல தகுதியில்லாத ஒரு நோயாளிகூட இல்லை. புகையில்லாத உலகம் வேணும்னு சிலர் சொல்றாங்க. நல்ல ஆசைதான். ஆனா அந்த உலகத்துல நம்ம ஊழியர்கள் எங்க போவாங்கன்னு அவங்க யோசிச்சாங்களா? அடுத்த வருஷம் இருநூறு பேருக்கு அனுமதி கேட்டிருக்கோம். அத்தனை பேரையும் நம்மால உருவாக்க முடியும்ங்கிற நம்பிக்கை எனக்கு இருக்கு.”

கைதட்டல் அடங்கியதும் கணவனும் மனைவியும் விடுவிப்புச் சீட்டுடன் மேடை ஓரத்தில் போய் நின்றார்கள். இயக்குநர் சீட்டைப் படித்துவிட்டு வெல்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“விட்டுட்டீங்களா? அருமை! வாழ்த்துக்கள். ஆனா பாருங்க, நேரம் சரியில்லை. ஆண்டறிக்கை அச்சுக்குப் போயாச்சு. இப்போ ‘பிற’ன்னு நான் ஒண்ணு போட்டா நூறு தொண்ணூற்றொன்பது ஆயிடும். நீங்க கொஞ்சம் பொறுத்து விட்டிருக்கலாம்.”

“மூச்சு முட்டுது சார்” என்றார் வெல்டர்.

“அதுக்குத்தானே இந்தப் பிரிவே இருக்கு!”

மனைவி முன்னால் வந்தாள். “சார், கையெழுத்துப் போட வேண்டாம். மருந்து மட்டும் கொடுக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னீங்கன்னுதான் அவர் விட்டாரு.”

“அம்மா, உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா மருந்துங்கிறது விதிப்படி கொடுத்தாத்தான் மருந்து. மூணு மாசம் பொறுத்து வாங்க. அதுவரைக்கும் பேரை நீக்க மாட்டோம், அது என் பொறுப்பு.” பிறகு யாரோ அவரைப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள்.

அடுத்த எண்ணும் நாளுக்கு மறுநாள் காலை டப்பாவின் எல்லா அறைகளும் நிறைந்திருந்தன. பக்கத்தில் புது பம்ப்.

“எங்கே கிடைச்சுது?”

“லாண்டரிக்குத் துணி கொண்டுவர்ற ஒரு அம்மா. வீட்டுக்காரர் தவறிட்டாராம். மிச்சம் கிடந்த மருந்தைக் கொடுத்தாங்க. மாசா மாசம் வேற இடத்துல வாங்கியும் தர்றாங்களாம். காலி அட்டையை மட்டும் தூக்கிப் போடாம எடுத்து வைங்க, அவங்களுக்குக் கணக்குக் காட்டணுமாம்.”

வெல்டர் நம்பினார். நம்ப வேண்டும் என்றிருந்தால் எதையும் நம்பலாம். மருந்து உள்ளே போகப் போக மூச்சுத் திணறல் குறைந்து வந்தது. இரண்டு வாரத்தில் தெருமுனை வரை நடந்தார். இரண்டாம் மாதம் பட்டறைக்குப் போய் ஒரு கேட்டுக்குத் தாழ்ப்பாள் வைத்தார். மனைவிக்கு மட்டும் இருமல் கூடியிருந்தது. கேட்டால் இஸ்திரி ஆவி என்பாள்.

மூன்றாவது எண்ணும் நாள் வந்தபோது வெல்டருக்கு ஒரு எண்ணம் உதித்தது. இயக்குநர் சொன்ன மூன்று மாதம் முடிந்துவிட்டது. இப்போது போய்ச் சீட்டில் கையெழுத்து வாங்கிவிட்டால் இனி யாரிடமும் தானம் வாங்க வேண்டியதில்லை. வீட்டில் சொல்லாமல் போய், கையெழுத்தோடு திரும்பி வந்து அவளை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று கிளம்பினார். மூன்று மாடியும் உட்காராமல் ஏறினார்.

பெஞ்சில் வழக்கமான ஆண்கள். வரிசையின் முன்னால் மேஜைக்கு எதிரே ஒரே ஒரு பெண், சலவை நிலையத்து நீலச் சட்டையைப் புடவைமேல் போட்டபடி, ஒரு துணிப்பையிலிருந்து காலி அட்டைகளைக் கொட்டிக்கொண்டிருந்தாள். நர்ஸ் எண்ணினாள்.

“முப்பத்துமூணு. ஒண்ணுகூட விடலை. இந்தப் பிரிவுலயே நீங்கதாம்மா ஒழுங்கு” என்றாள். “இதை ஊதுங்க.”

அவள் குழாயை வாயில் வைத்து ஊதினாள். பாதியில் இருமல் வந்தது. அடக்கிக்கொண்டு முழுதும் ஊதினாள்.

“பதினாலு. தகுதி இருக்கு.”

மஞ்சள் பையை வாங்கிக்கொண்டு திரும்பியவள் கணவனைப் பார்த்தாள். பையை முந்தானைக்குள் மறைத்தாள். பிறகு மறைத்து என்ன பயன் என்று தோன்றியதோ என்னவோ, வெளியே எடுத்துவிட்டாள்.

இருவரும் இறங்கினார்கள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது, உட்கார்ந்தாள். வெல்டரும் பக்கத்தில் உட்கார்ந்தார். இப்போது அவளிடமிருந்து வந்த வாசனை அவருக்கு நன்றாகத் தெரிந்தது. இத்தனை நாள் அதைத் தன் பழைய சட்டையின் வாசனை என்று நினைத்திருந்தார்.

“உனக்கு எப்படி இடம் கொடுத்தாங்க?”

“சர்க்கரையும் பிரஷரும் எனக்கும் இருக்கே, நாலு வருஷமா. இடம் ஒண்ணு காலியாச்சு, ஆனா மூணாவதா ஒரு நோய் வேணும்னாங்க. நெஞ்சைச் சோதிச்சுப் பார்த்தாங்க. உங்களுக்கு இருக்கிறதுதான் எனக்கும் இருக்காம்.” அவள் சொன்ன விதத்தில் வருத்தமே இல்லை, ஒரு காரியம் கூடிவந்த நிம்மதிதான் இருந்தது. “எத்தனை வருஷமா புகை உள்ள போகுதுன்னு டாக்டர் கேட்டாரு. முப்பத்தோரு வருஷம்னு சொன்னேன்.”

முப்பத்தோரு வருஷம் முன்னால்தான் அவர்களுக்குக் கல்யாணம் ஆனது. ஒரே அறை வீடு. வெல்டர் எப்போதும் ஜன்னலருகே உட்கார்ந்துதான் பிடிப்பார். புகை வெளியே போய்விடுகிறது என்று நினைத்திருந்தார். அந்த வீட்டில் காற்று பெரும்பாலும் உள்பக்கமாகத்தான் வீசும்.

“அதுல ஒரு மாத்திரையாவது நீ போட்டியா?”

அவள் பையின் முடிச்சைச் சரிபார்த்தாள். எல்லா அட்டைகளையும் காலி செய்தவர் அவர்தான்; அவருக்குத் தெரியாதா என்ன? வெல்டர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மேலே ஏறிக்கொண்டிருந்த ஒருவர் நின்று, மருந்து தீர்ந்துவிட்டதா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

“வேண்டாம்மா” என்றார் வெல்டர். “நாளையிலருந்து நானே மறுபடி பிடிக்கிறேன். எனக்குப் பழக்கம்தானே. நீ விட்டுடு. உன் மருந்தை நீ சாப்பிடு.”

“நல்லா இருக்கே கதை. எவ்வளவு கஷ்டப்பட்டு விட்டீங்க, நான் பக்கத்துல இருந்து பார்க்கலையா?” அவள் எழுந்து பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவருக்குக் கை கொடுத்தாள். “எனக்கு என்னங்க, மூணு மாசம்தானே ஆச்சு. ஒரு நாளைக்கு நாலு, அஞ்சு. நான் நினைச்சா எப்ப வேணும்னாலும் விட்டுடுவேன்.”

நாற்பத்துநான்கு வருஷம் வெல்டர் சொல்லிக்கொண்டிருந்ததும் அதேதான்.